ஏர்லா ஆற்றோரம் பின்னால் வந்தவள்

ஃபோல்க்மார் டிரேஸன் தன்னைப் பற்றிச் சொல்லும் எந்தக் கதையிலும் இதுவரை தோற்றதில்லை. மேடு என்றால் எல்லோரையும் முந்தியிருப்பான். டயர் வெடித்தால் ரோடு போட்டவன் முட்டாளாக இருப்பான். எங்கள் சைக்கிள் சங்கத்தில் பல வருடமாக அவன் வாயைச் சகித்துக்கொண்டிருக்கிறோம். அப்படிப்பட்டவன் ஒரு நாள், ஊற்றிய பீரில் நுரை அடங்கும்வரை கை வைக்காமல் உட்கார்ந்து, தன்னையே கேவலப்படுத்திக்கொள்ளும் ஒரு கதையைச் சொன்னான். அது பொய்யாக இருக்க வாய்ப்பே இல்லை. இப்படிப் பொய் சொல்லும் அளவுக்கு அவனுக்குக் கற்பனையும் கிடையாது. நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில். மழை பெய்து பத்து நாளாகியிருந்தது.

ஐஃபெல் மலைக்காட்டுக்குள் ஏர்லா ஆற்றை ஒட்டிப் பழைய ரயில் பாதை ஒன்று போகிறது. ரயில் நின்றுபோனதும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சைக்கிளுக்கென்று தார் போட்டுவிட்டார்கள். கார் வராது, மோட்டார் பைக் வராது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஓங்கி வளர்ந்த பீச் மரக்காடு. பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூட விழாமல் ஓட்டிவிடும். அதனாலேயே ஃபோல்க்மாருக்கு அந்தப் பாதையைக் கண்டால் இளக்காரம்.

அவனை அங்கே இழுத்துவந்தது அவன் மனைவி குட்ரூன். பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறவள். அந்த வசந்தத்தில்தான் முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மேடு ஏறக்கூடாது என்றார் டாக்டர். தன் சம்பளத்தில் ஒரு மின்சார சைக்கிள் வாங்கிக்கொண்டாள். மனைவி வேறொருவனோடு ஓடிப்போயிருந்தால்கூட ஃபோல்க்மாருக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

ஸ்டேஷனில் இறங்கியதுமே ஆரம்பித்தான்.

"நம்பர் பிளேட்டக் காணோமே? இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டியாச்சா?"

"சேர்ந்து ஓட்டலாம்னுதானே வந்தோம், ஃபோல்க்மார். கொஞ்சம் மெதுவாப் போயேன்."

"இதுக்கு மேல மெதுவாப் போனா நான் சாஞ்சு விழுந்துடுவேன். நீ பாட்டுக்குப் பின்னாடி வா, மகாராணி. பேட்டரி தீர்ந்தா ஒரு குரல் குடு."

ஏறி மிதித்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டான். பின்னால் பார்ப்பவன் தோற்கப்போகிறவன் என்பது அவன் சித்தாந்தம். சங்கத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனுக்கும் இதை ஓதுவான்.

முதல் பாலம் வந்தது. மரப்பலகைகள் தடதடத்தன. பாலத்தைத் தாண்டினால் செல்போனில் சிக்னல் போய்விடும். வழியில் மலையைக் குடைந்த ஒரு குகை உண்டு, அதற்கு அந்தப் பக்கம் போனால்தான் மறுபடி வரும். இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பலகைகள் தடதடக்கும் சத்தம் கேட்டது.

"வர்றியா?" என்று முன்னால் பார்த்தபடியே கத்தினான்.

"வர்றேன்."

குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஆற்றுக்காற்று, ஜலதோஷம் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அதையும் கிண்டல் செய்தான். பிறகு அவள் தங்கையைக் கிண்டல் செய்தான். அந்தத் தங்கை செய்யும் ஆப்பிள் கேக்கைக் கிண்டல் செய்தான். காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் பின்னாலேயே வந்தால் ஃபோல்க்மாருக்கு மூச்சு வாங்காது.

திடீரென்று ஒன்று உறைத்தது. அந்த மோட்டார் வண்டிக்கென்று ஒரு சின்ன ரீங்காரம் உண்டு, கொசு மாதிரி. அது கேட்கவில்லை.

"என்ன, மோட்டாரை அணைச்சிட்டியா? பரவாயில்லையே! ரோஷம் வந்துடுச்சா?"

"ஆமா."

ரீங்காரத்துக்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்தது. எண்ணெய் காணாத செயின்... கீச்... கீச்... கீச். முந்தின நாள்தான் அவள் வண்டிக்கு அவனே எண்ணெய் விட்டிருந்தான், வேண்டா வெறுப்பாக. அதற்குள் என்ன பாடுபடுத்தினாளோ என்று நினைத்தான்.

டயர் சத்தமும் சரியில்லை. ஈரத்தார் மேல் உருளும் டயர்தான் அப்படிச் சீறும்.

பாதையோ காய்ந்து கிடந்தது.

எதிரே வயதான ஒரு ஜோடி வந்தது. ஒரே நிறத்தில் சட்டை, ஒரே நிறத்தில் தலைக்கவசம். ஃபோல்க்மாரின் உதட்டில் ஏளனம் ஏற ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மா கையைத் தூக்கி வணக்கம் சொல்ல வாயெடுத்தாள். அவள் பார்வை அவனைத் தாண்டிப் பின்னால் போனது. கை அப்படியே நின்றது.

இருவரும் பாதையை விட்டு இறங்கினார்கள். வண்டியைப் புல்லில் போட்டார்கள். அந்தக் கிழவர் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். சவ ஊர்வலத்துக்கு ஒதுங்கி நிற்பதுபோல.

"பாத்தியா கோமாளிகளை?" என்று சிரித்தான் ஃபோல்க்மார்.

"பாத்தேன்."

இந்த முறை குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது.

அங்கேதான் அந்தப் பாதையின் ஒரே மேடு. ஃபோல்க்மார் கியரை மாற்றி, எழுந்து நின்று மிதித்தான். முழங்கால் சரியில்லாதவளை அங்கே உதறிவிடலாம் என்ற எண்ணம். கட்டின மனைவியை உதறுவதில் அப்படி என்ன வீரம் என்று கேட்காதீர்கள். அவன் ஆசாமியே அப்படித்தான்.

கீச்... கீச்... கீச்... அதே இடைவெளி. கொஞ்சமும் பின்தங்கவில்லை.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

வாங்கவில்லைதான். பின்னால் மூச்சுச் சத்தமே இல்லை.

"நீ இல்லாட்டி நான் இன்னும் வேகமாப் போவேன், தெரியுமா?"

"போ. நான் விடமாட்டேன்."

சிரித்தான். ஆனால் கழுத்துக்குப் பின்னால் மயிர் குத்திட்டு நின்றது. வியர்வை ஆறுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"பசிக்கு..."

"பசிக்கல."

அவன் இன்னும் கேட்டே முடிக்கவில்லை.

குகை வந்தது. பழைய ரயில் குகை, உள்ளே வளைந்து போவது. ஆள் வந்தால் தானாக விளக்கு எரியும். ஆள் கடந்துபோனால் அணையும். ஃபோல்க்மார் நுழைந்தான். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. அடுத்தது எரிந்தது.

அவன் தாண்டியதும் ஒவ்வொன்றாக அணைந்தது.

உடனே அணைந்தது.

பின்னால் ஒருத்தி வருகிறாளே... அவளுக்காக எரிய வேண்டாமா? நகராட்சிக்காரனைத் திட்ட வாயைத் திறந்தான். 

இருட்டு அவன் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தது. அந்த இருட்டுக்குள்ளிருந்து செயின் சத்தம்.

கீச்... கீச்...

"குட்ரூன்?"

கீச்...

"குட்ரூன், ஏதாவது பேசேன்."

கீச்...

மிதித்தான். அப்படி அவன் எந்தப் பந்தயத்திலும் மிதித்ததில்லை. குகையின் வாய் தெரிந்தது. வெயில் தெரிந்தது. வெளியே வந்து பத்தடிகூடப் போயிருக்க மாட்டான், சட்டையின் முதுகுப் பையில் செல்போன் அதிர்ந்தது. சிக்னல் வந்துவிட்டது. ஒரு காலை ஊன்றி நின்று, கையைப் பின்னால் விட்டு எடுத்துப் பார்த்தான்.

குட்ரூன் அனுப்பியிருந்தாள். எப்போதோ அனுப்பியது, இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

"முதல் பாலத்துக்கு முன்னாடியே திரும்பிட்டேன். நீ கவனிச்சிருக்க மாட்டே. வீட்டுக்குப் போறேன்."

இரண்டு முறை படித்தான்.

அவனுக்குப் பின்னால், குகைக்குள்ளிருந்து, செயின் சத்தம் மெதுவாக வந்தது... நெருங்கியது... முதுகுக்கு நேர் பின்னால் நின்றது.

ஆற்றுச் சேற்றின் வாடை.

"ஏன் நின்னுட்ட?"

அவன் திரும்பவில்லை. இந்தத் தடவை சித்தாந்தம் எல்லாம் இல்லை. கழுத்து திரும்பவில்லை, அவ்வளவுதான்.

முதுகில் ஒரு கை பட்டது. சில்லென்று. சின்னக் குழந்தையை ஊஞ்சலில் தள்ளுவதுபோல, மெல்ல, அன்பாக, முன்னால் தள்ளியது.

எப்படி மிதித்தான் என்று அவனுக்கே தெரியாது. பாதையை மறிக்கும் கட்டைகள், வளைவு, அணைக்கட்டு... பாதையோரம் ரோஸ்விதா என்பவள் நடத்தும் காப்பிக் கடை வாசலில் வண்டியோடு விழுந்தான். வேறு நாளாக இருந்தால் அந்தக் கடையையும் கரித்துக்கொட்டியிருப்பான். ரோஸ்விதா கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க," என்றாள். "நீங்க மட்டும்."

நுழைந்ததும் கதவைத் தாழ் போட்டாள்.

"யாரு அது?" என்று கேட்டான். 

"உருளைக்கிழங்கு சூப் இருக்கு. சூடாக் குடிங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து பெயரவில்லை. கடையை மூடிவிட்டு, தன் வேனிலேயே அவனைக் கொண்டுபோய் வேறொரு ஸ்டேஷனில் இறக்கிவிட்டாள். சைக்கிளை எடுத்துவர அவன் இன்றுவரை போகவில்லை.

வீட்டில் குட்ரூன் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி முழங்காலில் ஐஸ் பை வைத்திருந்தாள். அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. சாக்கடையில் மிதக்கும் எதையோ பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

"யாரு அவ?"

"எவ?"

"நடிக்காத. மூணு மணிக்கு ஸ்டேஷன்ல இருந்து உனக்குப் போன் போட்டேன். ஒரு பொம்பள எடுத்தா."

மூன்று மணிக்கு அவன் காட்டுக்குள் இருந்தான். அங்கே சிக்னல் கிடையாது. போன் அவன் முதுகுப் பையில் இருந்தது.

"என்ன... என்ன சொன்னா?"

"நீ முன்னாடி போய்ட்டிருக்கியாம். உன்னைக் கூப்பிட முடியாதாம். நீங்க யாருன்னு கேட்டேன். 'பின்னாடி வர்றவ'ன்னு சொன்னா. ரொம்ப மரியாதையாத்தான் பேசினா. நீங்க சிரமப்பட வேண்டாம், இனிமே இவரை நானே பாத்துக்கட்டுமான்னு எங்கிட்ட அனுமதி கேட்டா."

ஃபோல்க்மார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"நீ என்ன சொன்னே?"

குட்ரூன் ஐஸ் பையைத் திருப்பி வைத்தாள்.

"தாராளமா எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."