குடிக்காதவளின் கல்லீரல்

துறைமுகத்தின் ஐந்தாவது கிரேனை ஓட்டும் பெண்ணை எல்லோரும் "உச்சியக்கா" என்றே கூப்பிடுவார்கள். வானத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடி, லாரி அளவுப் பெட்டிகளை முட்டை வைப்பதுபோலக் கப்பலில் இறக்குவார். அங்கே கிரேன் ஏறிய முதல் பெண் அவர்தான். ஏறுமுன் ஓட்டுநர்கள், குடித்திருந்தால் கத்தும் மூச்சுக் கருவியில் ஊத வேண்டும். அவர் ஊதி அது ஒருமுறைகூடக் கத்தியதில்லை.

அந்த வருட உடல் பரிசோதனையில் அவர் கல்லீரலில் கொழுப்பு மண்டி, தழும்பு விழத் தொடங்கியிருப்பது தெரிந்தது. சூப்பர்வைசர் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"என்னக்கா, மறைச்சு மறைச்சுப் போடுறீங்களா? அண்ணன் வழிதானா?"

அதே துறைமுகத்தில் வேலை பார்த்து, குடித்துக் கல்லீரல் கெட்டு இளவயதில் இறந்தவர் உச்சியக்காவின் அண்ணன். அந்த அண்ணனின் மனைவிதான் அங்கே பரிமாறுபவர். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

"தினமும் ஊதுறேனே, மிஷின் பொய் சொல்லுதா?"

"மிஷினை ஏமாத்தவா வழி இல்ல? இனிமே கீழயே இருங்க."

கயிறும் கொக்கியும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ஒரு பெண்ணின் பல வருட உழைப்பைக் கவிழ்க்க ஒரு வாய்ச்சொல் போதும். ஆதாரம் எங்கே என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதைத் தேடி அவரே கல்லீரல் மருத்துவரிடம் போனார். அண்ணன் கதையைக் கேட்ட மருத்துவர் மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுத்தார்.

"கல்லீரல்ல கொழுப்பைக் கரைக்க உதவுற ஒரு மரபணு உங்களுக்கு மாறியிருக்கும்மா. அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டுமே மாறினதா வந்திருக்கு. இப்படி இருக்கிறவங்க குடிச்சா சீக்கிரம் கெடும். குடிக்காட்டியும், கொஞ்சம் எடை போட்டாலே கொழுப்பு சேரும்."

"அப்போ தலையெழுத்தா டாக்டர்?"

"தலையெழுத்துன்னா நான் எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கேன்? எடையைக் குறைங்க, நல்லா நடங்க. இது ஆரம்பம்தான், சரியாக வாய்ப்பிருக்கு."

"எங்க அண்ணனுக்கும் இதுதானா?"

"இருந்திருக்கலாம். இனி சோதிக்க முடியாதே. அவர்கூடக் குடிச்சவங்க எப்படி இருக்காங்க?"

"குத்துக்கல்லாட்டம் இருக்காங்க."

இது குடியால் வந்ததல்ல என்ற மருத்துவரின் சான்றைப் பார்த்த சூப்பர்வைசர் தன் அறையில் குழைந்தார். "வாய் தவறிடுச்சுக்கா. நாளைக்கே ஏறிக்குங்க. இதோட விட்ருவோம்."

"கேன்டீன்ல சொன்ன பழிக்கு ரூம்ல மன்னிப்பா? அங்க வந்து சொல்லுங்க. இல்லன்னா ஐந்தாவதுக்கு வேற ஆளைப் பாருங்க."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் தட்டைப் பார்த்தபடி முணுமுணுத்தார்: "அக்கா குடிக்கிறவங்கன்னு நான் சொன்னது தப்பு."

"கேக்கல சார்! பழி போட்டப்ப குரல் கணீர்னு இருந்துச்சே!" என்றது ஒரு மேசை. சிரிப்பு அடங்கியதும் அவர் உரக்கவே சொன்னார்.

உச்சியக்கா எழுந்தார். "எங்க அண்ணன் குடிச்சாரு. அதை நான் மறைக்கல. அவர்கூடக் குடிச்சவங்க இங்கயே உட்கார்ந்து சாப்பிடுறீங்க. உங்களைவிட அவர் ஒண்ணும் கெட்டவர் இல்ல. உங்க ஈரல் தாங்குச்சு, அவரோடது தாங்கல. இனிமே எங்க அண்ணி காதுபட எவனாவது அவரைக் கேவலமாப் பேசினீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே தட்டோடு நின்ற, அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஆளிடம், அவன் கேட்காமலேயே உச்சியக்காவைக் காட்டிச் சொன்னார்:

"அவ என் நாத்தனார்."