ஏழாம் எண் மின்கம்பம்

நோயைக் கண்டு சொன்ன மருத்துவரை வெளியே துரத்திவிட்டால் நோயாளி பிழைத்துவிடுவாரா? சொல்லுங்கள்.

பாலைவன நகரமான யூமாவுக்கு வெளியே எங்கள் முகாமில் அப்படித்தான் நம்புகிறார்கள். நாங்கள் எல்லாரும் இங்கே இடம் வாடகைக்கு எடுத்து, டிரக்கில் இழுத்துவந்த வீட்டுவண்டிகளில் குடியிருப்பவர்கள்; உங்களைப்போல் வழியில் ஓரிரு நாள் தங்கிப்போகிறவர்களும் உண்டு. என் பக்கத்து இடம், ஏழாம் எண், லோர்னா டிபெட்ஸுடையது. கீரை அடுக்கும் கொட்டகைகளில் முதுகொடிய உழைத்தவர். கணவர் கிளைடின் நுரையீரல் கெட்டபோது ஆஸ்பத்திரி அவர்கள் வீட்டை விழுங்கியது. மிஞ்சியது இந்தப் பழைய வண்டி. அதை இழுத்துவந்த டிரக்கையும் விற்றாயிற்று. இனி நகர வழியில்லை.

ஜூலையில், வெயில் நூற்றுப் பதினைந்து டிகிரியைத் தொட்ட நண்பகலில் ஏசி நின்றது. ஒவ்வோர் இடத்திலும் வண்டிக்கு மின்சாரம் தர ஒரு குட்டை மின்கம்பம் உண்டு. அதற்கும் வண்டிக்கும் நடுவே லோர்னா மாட்டியிருந்த காப்புப் பெட்டி 'ஈ 2' என்று காட்டி மின்சாரத்தை நிறுத்தியிருந்தது. எர்த் இல்லை என்று பொருள். சுவிட்சை அணைத்துப் போட்டார், பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். மறுபடியும் ஈ 2. பெட்டியை என் கம்பத்தில் மாட்டிப் பார்த்தார். ஒரு குறையும் காட்டவில்லை.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. செத்தது கம்பம்" என்றார்.

முகாம் மேலாளர் ரஸ்டி கெம்ப் வந்தார். கம்பத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, அந்தப் பெட்டிதான் சனியன். கழட்டிட்டு நேரா சொருகு. எல்லாரும் அப்படித்தானே இருக்காங்க, எவனாவது செத்தானா?"

"செத்தாத்தான் வந்து பாப்பீங்களா?"

"பிடிக்கலன்னா காலி பண்ணு. இடத்துக்கு ஆள் வரிசைல நிக்குது."

என் கம்பத்திலிருந்து நீளக் கம்பி இழுத்தோம். கிளைடின் ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடியது. ஏசியைப் போட்டதும் மின்னழுத்தம் விழுந்து, பெட்டி 'ஈ 4' காட்டி இரண்டையும் நிறுத்தியது. ஏசியை விட்டுவிட்டோம். வண்டிக்குள் தகரம் கொதித்தது.

"அடியே, கோழியக்கூட இவ்வளவு நேரம் அடுப்புல வைக்கமாட்டாங்கடி" என்றார் கிளைட். உதடுகள் நீலமாகியிருந்தன.

லோர்னா பெட்டியைக் கழற்றினார். ஏழாம் எண் கம்பத்திலேயே நேராகச் சொருகினார். ஏசி உறுமியது. கணவர் கண்மூடியதும் வெளியே வந்தவர், குழாய் கசிந்து நனைந்த மண்ணில் நின்றபடி கதவுப்பிடியைத் தொட்டார். எர்த் இல்லாமல் தகரத்தில் ஏறியிருந்த மின்சாரம் அவரைத் தூக்கி எறிந்தது. உயிர் தங்கியது, வலக்கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

"பிளக்கப் பிடுங்கிப் போடு லோர்னா. நான் எப்படியும் போறவன்" என்றார் கிளைட்.

"போறதுன்னா குளிர்காலத்துல போ. இப்ப பேசாம மூச்சு விடு."

இன்றும் நேராகத்தான் சொருகியிருக்கிறது. ரப்பர் கையுறை போட்டுக் கதவைத் திறக்கிறார். இதை விதி என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். விதியாவது! அறுந்துபோன ஓர் எர்த் கம்பி. அதை மாற்றாமல் வாடகை மட்டும் வாங்கும் ஒரு முதலாளி. போன வருடம் புகார் கொடுத்த குடும்பத்தை உடனே வெளியேற்றினார்கள். இங்கே குடியிருப்பவர்கள் வாய் திறந்தால் தெருவில்தான் நிற்க வேண்டும்.

இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும் உங்களை யாரும் துரத்த முடியாது. உங்கள் காப்புப் பெட்டி இப்படிக் குறியீடு காட்டினால் அதைக் கழற்றாதீர்கள். கம்பத்தோடு சேர்த்துப் படம் எடுத்து அரசு மின் ஆய்வாளரிடம் கொடுங்கள். மற்றக் கம்பங்களையும் திறந்து பார்க்கச் சொல்லி, அவர் வரும்வரை விடாமல் கேளுங்கள்.