எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தபோது

படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினோம். ஓட்டும்போது ஸ்டீரிங் ஆடியது. டயர் மாற்றியும் சரியாகவில்லை. "பெரிய வண்டி லா, அப்படித்தான் இருக்கும்," என்றார் கணவர்.

கேமரன் மலைக்குக் கிளம்பிய காலை, கிள்ளான் நகரில் எங்கள் வீட்டு வாசலில் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தேன். அவர் சும்மா ஸ்டீரிங்கை அசைத்துக்கொண்டிருந்தார். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கம்பி ஆடியது. சக்கரமோ அசையவே இல்லை. இதென்ன வேடிக்கை?

"இன்னொரு தடவ திருப்புங்க!"

மறுபடியும் கம்பி மட்டும்தான் ஆடியது.

பயணத்தை நிறுத்தி மெக்கானிக்கை வரவழைத்தோம். "கம்பி முனையில மூட்டு தேஞ்சிருச்சுக்கா. மலையில கழண்டிருந்தா ஸ்டீரிங் சுத்தும், டயர் திரும்பாது," என்றார். மூட்டை மாற்றியதும் ஆட்டம் நின்றது.

இப்போதும் பழம் வைக்கிறேன். அவர் ஸ்டீரிங்கைத் திருப்ப, நான் கம்பியைப் பார்த்து "சரி" என்ற பிறகுதான் வண்டி நகர்ந்து பழம் நசுங்கும்.