சகலையின் சுவரும் என் ஒட்டகமும்

என் வீட்டுக் கூடத்தில் ஒரு மர ஒட்டகம் நின்றது. அதற்கு ஒரு காது உடைந்திருந்தது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, வாங்கிய நானும் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதகர் வேலை என்பதை இங்கே சொல்லாமல் விடலாம். அந்த ஒட்டகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் சகலையின் சிரிப்புதான் காதில் விழும்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்குத் தகர டப்பா கொடுப்பவர். ஓசூரில் நான் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "ஊடு நல்லாத்தான் இருக்குது சகலை. அப்படியே டோல்கேட்டு. வண்டிக்காரங்க நிக்காம போயிடப் போறாங்க, ஒரு கட்டைய குறுக்க போட்டுடுங்க" என்றார். வந்திருந்த கூட்டமே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். இந்த மனிதர் என் வீட்டைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும், அதே கூட்டம் அதைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன்.

எங்கள் தொழிற்சாலைக்கு ராஜஸ்தானிலிருந்து வந்த ஒருவர் தன் ஊர் வீட்டைப் போனில் காட்டினார். மண் பூசிய சுவர், அதில் பதித்த கண்ணாடிச் சில்லுகள், வெள்ளைக் கோலம். பார்த்ததும் இதுதான் வழி என்று பிடித்துக்கொண்டேன். கூடத்துச் சுவர் ஒன்றில் செம்மண், சாணி, ராகி வைக்கோல் மூன்றையும் குழைத்து நானே அப்பினேன். கண்ணாடி பதித்தேன். எதிரே ஒட்டகத்தை நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். வீடு கட்டிய கை சும்மா இருக்குமா? சிமென்டுக்கு விட்ட பழக்கத்தில் மண் சுவருக்கும் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். ஓசூர்த் தூறலும் குளிரும் தம் பங்குக்குச் சேர்ந்துகொண்டன. வைக்கோலில் சரியாக அடிக்காத ராகிக் கதிர் இருந்திருக்கிறது. சகலை குடும்பத்தோடு விருந்துக்கு வந்த நாளில் என் பாலைவனம் பச்சைப் பசேலென்று முளைத்து நின்றது.

அவர் வாய் பிளந்தது உண்மை. ஆனால் சிரிப்பதற்காக. ஒட்டகத்தைத் தூக்கிச் சுவரோடு சுவராக, முகம் பயிரில் படும்படி வைத்தார். "மேயட்டும் சகலை, பாவம், எவ்ளோ தூரத்துல இருந்து வந்துது! களை எடுக்கணும்னா சொல்லுங்க, நம்ம ஊர்ல இருந்து ஆளு அனுப்பறேன்." படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டார். அதன்பின் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "அறுவடை ஆச்சா மாமா?" என்று கேட்காத சின்னப் பிள்ளை இல்லை.

காத்திருந்தேன். போன கோடையில் அவர் தன் வீட்டைப் புதுப்பித்தபோது, அவர் மனைவிக்கும் அதே மண் சுவர் வேண்டுமாம். உதவிக்கு முதலில் ஓடியவன் நான். வேப்பனப்பள்ளியில் தேடிப்பிடித்து, கதிர் நிறைந்த வைக்கோலாகக் கொண்டுவந்து இறக்கினேன். "தினமும் தண்ணி விடுங்க, இல்லன்னா வெடிச்சிடும்" என்று அக்கறையோடு சொன்னேன்.

அவர் வீட்டு விருந்து நாளில் ஒட்டகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். சுவரைப் பார்த்ததும் பை கனத்தது. ஒரு முளை இல்லை. பூசிய வாரமே அவர் வீட்டு போர்வெல் வற்றிவிட்டதாம். குடிக்கவே லாரித் தண்ணீர், சுவருக்கு யார் விடுவார்கள்? கிருஷ்ணகிரி வெயில் அதைச் செங்கல்லாகச் சுட்டிருந்தது. கண்ணாடிச் சில்லுகள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தன. பாலைவனம் அவருக்கு அசலாகவே கிடைத்துவிட்டது.

போதாதென்று என் தோளில் கை போட்டு, அதே கூட்டத்தின் நடுவே, "எல்லாம் நம்ம சகலை கைவண்ணம்ப்பா! வைக்கோல் கூட அவரு கொண்டாந்ததுதான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஏங்கிய மரியாதை இதுதான். மனம் இளகியிருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது.

ஒட்டகத்தைப் பரிசாகக் கொடுத்தேன். சுவரோடு சுவராக, முகம் படும்படி நானே வைத்தேன். இப்போது மழைக்காலம். மாதம் ஒருமுறையாவது அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று நானே மனைவியை அழைக்கிறேன், அவளுக்கு ஆச்சரியம். போனதும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பேன். பாதி எனக்கு. மீதியை யாரும் பார்க்காதபோது சுவரில் ஊற்றிவிட்டு வருகிறேன்.

ஒட்டகத்துக்குப் பசிக்கும் அல்லவா?