மீன் எண்ணெயில் ஊறிய டிராக்டர்

கழற்றிய போல்ட்டைத் தேவசகாயம் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோவார். ஆழமாக ஒருமுறை மோந்துவிட்டு, கண்ணை மூடி யோசித்து, "இது தேறும்" என்றோ "இதுக்கு உயிர் போய்ட்ச்சி" என்றோ தீர்ப்புச் சொல்வார். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஊறல் தொட்டிப் பக்கமே காலம் கழித்து, தோலை மோந்தே பதம் சொன்ன மனிதர். ஓய்வு பெற்ற பிறகு மோப்பதற்குத் தோல் கிடைக்கவில்லை. அதனால் போல்ட், பெல்ட், மிக்ஸி மோட்டார் என்று கைக்கு வந்ததையெல்லாம் மோந்துகொண்டிருக்கிறார். இதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் சேர்ந்து அந்த மூக்கின் கதையை எப்போதோ முடித்துவிட்டன. அடுத்த வீட்டில் பால் பொங்கித் தீய்ந்தாலும் அவருக்குத் தெரியாது. ஆனாலும், "நமக்குத் தெரியாத நாத்தமா சார்?" என்று என்னைக் கேட்பார். நானும் தலையாட்டி வைப்பேன். வீட்டுக்காரர் அல்லவா!

அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கீழே அவருடைய கொல்லை. கொஞ்சம் தென்னை, நடுவில் ஒரு முருங்கை, முருங்கைக்குக் கீழே அந்தக் குட்டி டிராக்டர். பிறந்து சில மாதமான எருமைக் கன்றின் உயரம் இருக்கும். மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தோட்டம் உழுவதற்குக் கப்பலில் வரவழைத்ததாம். டாக்டர் ஊருக்குப் போனதும் ஷெட்டில் படுத்ததுதான். கோழி அடைகாத்தது, பாம்பு சட்டை உரித்தது, ஒரு தலைமுறை பெரிதாகிக் கல்யாணமும் செய்துகொண்டது. டிராக்டர் எழுந்திருக்கவில்லை.

அது தேவசகாயத்தின் தலையில் விழுந்ததற்குக் காரணம் அவருடைய வாய். அவர்களுடைய சர்ச் சபையில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை நாளில், காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். ஒருவர் ஒரு பூசணிக்காயைக் கேட்டால், இன்னொருவர் வேண்டுமென்றே ஏற்றிக் கேட்பார். பணம் கோயிலுக்குப் போவதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்த ஏற்றிவிடும் கலையில் தேவசகாயம் மன்னன். ஒரு எலுமிச்சம்பழத்தை ஆட்டுக்குட்டி விலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தான் மட்டும் நைசாக நழுவிவிடுவார். போன பண்டிகையில் மிஷன் ஷெட்டைக் காலி செய்து டிராக்டரையும் ஏலத்துக்கு வைத்தார்கள். பழைய இரும்பு வியாபாரி மஹபூப் பாஷா அதற்காகவே வந்திருந்தார். பாய் ஒரு விலை சொன்னார், இவர் ஏற்றினார். பாய் மேலே போனார், இவரும் போனார். பிறகு பாய் வெற்றிலைக் கறையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி, "நீங்களே எடுத்துக்கங்க தேவண்ணே" என்று கும்பிட்டுவிட்டார். சபை மொத்தமும் கைதட்டியது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது மனைவி அமிர்தவள்ளி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். அந்த மிஷின் மோட்டாரைத் தேவசகாயம் ஒருமுறை ரிப்பேர் செய்து, அதன் பிறகு அது பின்பக்கமாகத் தைக்க ஆரம்பித்தது தனிக் கதை. கிரைண்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நேர்ந்ததைச் சொன்னால் அமிர்தவள்ளிக்குக் கண் கலங்கும். அவர் மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: "குருத்தோலை ஞாயிறு வரைக்கும் டைம். அதுக்குள்ள இது ஓடலன்னா பாய் வந்து எடுத்துனு போவாரு. கூடவே உங்க ஸ்பேனர் பெட்டியும் போவும். சொல்லிட்டேன்."

குருத்தோலை ஞாயிறு என்பது ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு. அமிர்தவள்ளி சொன்னால் செய்கிறவர். அந்தப் பெட்டி போய்விட்டால் இந்த மனிதர் காலையில் எதற்காக எழுந்திருப்பார் என்று நினைக்க எனக்கே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தப்பட வேண்டியவர் முதல் வேலையாக டிராக்டருக்கு சீட் தைத்தார். ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட தோல், இரட்டைத் தையல், ஓரத்தில் மடிப்பு. அமெரிக்காக்காரன் பார்த்தால் ஆர்டர் கொடுப்பான். இன்ஜின் இறுகிக் கிடக்க, அவர் சாயங்காலம் தோறும் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து டீ குடித்தார். "சோபா செட்டு வாங்கியாந்திருக்காரு" என்று அமிர்தவள்ளி தெருவுக்கெல்லாம் சொன்னார்.

மஹபூப் பாஷா வாராவாரம் வருவார். சும்மா நலம் விசாரிக்கத்தான். விசாரித்துக்கொண்டே மட்கார்டைத் தட்டி, தகட்டின் கனத்தைக் காதால் கேட்பார். "இன்னா தேவண்ணே, பிஸ்டன் நகர்ந்துச்சா?" என்பார். அந்தக் கேள்வி தேவசகாயத்துக்கு வேப்பங்காய்.

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நகரவேயில்லை. மெக்கானிக்காக இருந்தால் வேறு ஏதாவது யோசித்திருப்பான். இவரோ டேனரிக்காரர். "விறைச்சிப்போன தோலு இன்னா பண்ணா இளகும் சார்? ஊறினா இளகும். இரும்பும் அப்படித்தான்" என்றார். இன்ஜின் தலையில் இருந்த ஓட்டை வழியாக எண்ணெயை ஊற்றினார். சாதாரண எண்ணெய் அல்ல. தோலுக்கு மினுமினுப்பும் நெகிழ்வும் வரத் தடவுகிற மீன் எண்ணெய். பழைய தோஸ்த் ஒருவரிடம் சொல்லி டேனரியிலிருந்து ஒரு கேன் வாங்கி வந்திருந்தார். தினம் காலையில் கொஞ்சம் ஊற்றி, மரக்கட்டையை வைத்து ஒரு தட்டு தட்டி, மோந்து பார்ப்பார். "வாசனையே இல்ல, பியூர் சரக்கு" என்பார். மாடியில் நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், லெந்து நாட்கள் பாதி போனபோது பிஸ்டன் நகர்ந்தது. வேப்பிலை அடிக்காத குறையாக அவர் கொல்லையில் ஆடினார். மிச்சமிருந்த மீன் எண்ணெயை வீணாக்க மனமில்லாமல் டீசலோடு கலந்து டேங்கை நிரப்பினார். இப்போது லெந்து நாட்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் இவர்கள் சபையில் பல வீடுகளில் கவிச்சி கிடையாது. அமிர்தவள்ளி பெண்கள் சங்கத்துச் செயலாளர் வேறு. அவர் வீட்டில் முட்டை ஓடுகூடக் கண்ணில் படாது.

குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் வெள்ளிக்கிழமை மாலை, முன்கூடத்தில் பெண்கள் ஜெபக்கூட்டம். பாஸ்டரம்மா வந்திருந்தார். கூட்டம் முடிகிற வரை கொல்லையில் ஒரு சத்தமும் கூடாது என்று தேவசகாயத்துக்கு உத்தரவு. அவரும் நல்ல பிள்ளையாக சீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மஹபூப் பாஷாவின் டெம்போ கொல்லை வாசல் படலை அடைத்துக்கொண்டு நின்றது. டெம்போவில் இரண்டு ஏற்றுப் பலகைகள். "பேஜாராவாதீங்கண்ணே, சும்மா அளவு பாக்கத்தான்" என்றார் பாய். போகிற போக்கில் ஸ்பேனர் பெட்டியையும் ஒரு கையால் தூக்கிக் கனம் பார்த்தார்.

தேவசகாயத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஹேண்டிலை மாட்டிச் சுற்றினார். இருமியது. மறுபடி சுற்றினார். தும்மியது. அடுத்த சுற்றில் கொல்லையே அதிர, டிராக்டர் எழுந்தேவிட்டது. நான் ஜன்னலில் நின்று கத்திக் கைதட்டினேன். பிறகுதான் புகை வந்தது. வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, பொரித்த மத்தி மீன் வாசனையோடு.

தெருப் பூனைகள் மதில் மேல் வரிசை கட்டின. முன்கூடத்தில் பாட்டு நின்றது. அங்கே நடந்தது பிறகு அமிர்தவள்ளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாஸ்டரம்மா மெதுவாக, "அமிர்தம், அடுப்புல ஏதாவது வெச்சிருக்கியா?" என்று கேட்டார். அமிர்தவள்ளி முகம் செத்துப்போயிற்று. சங்கமே எழுந்து சமையலறைக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தது. கீரைக் குழம்பும் சோறும்தான் இருந்தன. பெண்கள் வாசனையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார்கள். நானும் படியிறங்கி ஓடினேன்.

கறகறவென்று ஒரு சத்தத்தோடு கியர் விழுந்திருந்தது. விழுந்த கியர் திரும்ப எழவில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட தேவசகாயம் டிராக்டரோடு முருங்கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். படலை டெம்போ அடைத்திருந்ததால் வேறு போக்கிடமும் இல்லை. கிளட்சை மிதித்தார். அது துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. இன்ஜினை நிறுத்துகிற கம்பியை அவர் இன்னும் மாட்டவேயில்லை. முதலில் ஓடட்டும், நிறுத்துவதை அப்புறம் பார்க்கலாம் என்று காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். பிரேக் என்ற ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை. ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நெஞ்சை நிமிர்த்தி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் பெண்கள் சங்கத்துக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, போதும்ணே, நிறுத்துங்க!" என்றார் பாய், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு.

"இன்னும் ஒரு ரவுண்டு பாய்!"

அந்த ஒரு ரவுண்டு முடிந்து இன்னும் இரண்டு முடிந்தன. அமிர்தவள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக டிராக்டரிடம் போனார். இன்றைக்கு ஸ்பேனர் பெட்டி கிணற்றுக்குள் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வண்டியின் வேகத்துக்குக் கூடவே நடந்து, புருஷன் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை, நிறுத்த முடியுமா என்றுதான் இருக்க வேண்டும். தேவசகாயம் எங்களைப் பார்த்துக் கையாட்டியபடியே, மனைவிக்கு மட்டும் தெரிகிற மாதிரி, இல்லை என்று தலையை லேசாக ஆட்டியதை நான் பார்த்தேன்.

அமிர்தவள்ளி நிமிர்ந்தார். பாயைப் பார்த்தார், பாஸ்டரம்மாவைப் பார்த்தார். பிறகு தெருக்கோடி வரை கேட்கிற குரலில் சொன்னார்: "வண்டி ஓட்ச்சி பாய், பலகைய எடுத்துனு கிளம்புங்க! இவரு ஜாஸ்தி நேரம் ஓட்டிப் பாத்துட்டுதான் நிறுத்துவாராம். நீங்கள்லாம் உள்ள போய்ப் பாட்ட ஆரம்பிங்கக்கா, நாங்க வர்றோம்!"

டேங்க் நிறைய எண்ணெய் இருந்தது; அது தீரும் வரை வண்டி நிற்கப்போவதில்லை. அமிர்தவள்ளி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மட்கார்டின் மேல் ஒரு கையைப் போட்டு, மீன் புகைக்குள் புருஷன் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தார்.