அலையின் மேல் போட்ட பழி

என் மகளின் செவிப்பறையைக் கிழித்தது என் கைதான். அவளுக்கு அப்போது நான்கு வயது. நான் திருத்திவைத்த விடைத்தாள்களில் மையைக் கொட்டிவிட்டாள், அறைந்துவிட்டேன். மனைவியிடமும் வைத்தியரிடமும், கடலில் குளிப்பாட்டும்போது காதில் அலை அடித்துவிட்டது என்றேன். திருகோணமலையில் துறைமுகம் தெரியும் வீட்டில் வளர்ந்தும், அந்தப் பொய்யையே நம்பிய அவள் அதன்பின் கடலில் கால் நனைத்ததில்லை.

போன மாதம் கனடாவிலிருந்து அழைத்தாள்.

“அப்பா, நாங்கள் மெக்சிக்கோவுக்குப் போறம். ஸ்கூபா டைவிங் எண்டு இவர் ஒற்றைக்காலில நிக்கிறார். நானும் பயத்தை விட்டிட்டு இறங்கப்போறன். காதில காயம் பட்டதோ எண்டு படிவத்தில கேட்டிருக்கு. அலை அடிச்சதையும் எழுதோணுமோ?”

“எழுது பிள்ளை. செவிப்பறை கிழிஞ்சது. ஆனால் அடிச்சது அலை இல்லை, நான்.”



“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“தெரியாமலே போய்ச் சேர்ந்திட்டா.”

அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

ஆழத்துக்குப் போக வேண்டாமென்று, படிவத்தைப் பார்த்த வைத்தியர் தடுத்ததை மருமகன்தான் சொன்னார். நேற்று அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. மெக்சிக்கோக் கடலில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சிரிக்கிறாள். கீழே ஒரே வரி: “கடலில ஒரு பிழையும் இல்லை.”

பலமுறை வாசித்தேன். அதில் ‘அப்பா’ என்ற சொல் இல்லை.