இடக்கைக் கடிகாரம்

போன வாரம், குற்றாலத்தில் சாரல் சற்று விட்டிருந்த ஒரு பிற்பகலில், என் நண்பன் சண்முகத்தின் மனைவி மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒரு மரப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எடத்த அடைக்குதுண்ணே. அவுகளே போயாச்சு. வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அந்த வாசனை பட்டதும் உள்ளங்கையில் மை ஒட்டியது போலிருந்தது. கல்லூரி நாட்களில் தென்காசி மாடியறையில் அவன் பலகையில் படம் செதுக்குவான். நான் அதன்மேல் மை உருட்டுவேன். அச்சு இயந்திரமெல்லாம் கிடையாது. பலகைமேல் தாளை விரித்துக் கரண்டியின் முதுகால் தேய்ப்போம். அவன் வீட்டு ரசக்கரண்டி காணாமல் போனது அப்படித்தான்.

பிறகு இருவரும் சென்னைக்குப் போனோம். நான் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்தேன். அவன் நகரத்தைச் செதுக்கினான். தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடும் குடங்கள், மின்சார ரயிலில் தொங்கும் கைகள், மேம்பாலத்தடியில் தூங்குகிறவர்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை.

"கலரே கெடையாதாலே?"

"ஆபீஸ் போறவன் மூஞ்சில என்னலே கலரக் கண்டே?"

ஒரு மாலை பேருந்து நிறுத்தத்தில் மேலதிகாரியோடு பேசிக்கொண்டு நின்றேன். எதிரே சண்முகம் வந்தான். மை படிந்த வேட்டி, அறுந்த செருப்பு, கக்கத்தில் தாள்சுருள். நான் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டேன். அவன் கூப்பிடவில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த ஆண்டு தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தன் படங்களை மாட்டியிருந்தான். ஒன்றில் பேருந்து நிறுத்தம். அத்தனை முகங்களுக்கு நடுவே ஒருவனுக்கு மட்டும் முகமில்லை. விரித்த செய்தித்தாள், அதைப் பிடித்த கை, கையில் கடிகாரம்.

"ஏலே, இது ஆருன்னு தெரியுதா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆமாம் என்றிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

சுற்றிலும் ஊர்க்காரர்கள். "எவனோ. இவன் வலக்கைல வாட்ச் கட்டிருக்கான். நான் எடக்கைலல்லா கட்டுதேன்" என்றேன்.

பலகையில் செதுக்கியது தாளில் இடவலம் மாறித்தான் விழும். கரண்டி தேய்த்த எனக்கு அது தெரியாதா? எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

"சரி, அண்ணாச்சி" என்றான்.

ஒரே பெஞ்சில் படித்தவன். அன்றுவரை "லே" போடாமல் என்னிடம் பேசியதில்லை. அதன்பின் சாகும்வரை அண்ணாச்சிதான், வாங்க போங்கதான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவென்று பல முறை போய், காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பலகையைக் கொண்டுவந்துவிட்டேன். அதில் கடிகாரம் இடக்கையில்தான் இருக்கிறது. நடுவில் வெடித்துவிட்டதால் இனி அச்செடுக்க முடியாது. ஓய்வுபெற்று ஊரோடு இருக்கிறேன்; தெருவில் இறங்கினால் எல்லோரும் அண்ணாச்சி என்று ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஏலே என்று கூப்பிட ஒருவரும் மிச்சமில்லை.